கடை போனுக்கு ரீசார்ஜ் யார் செய்வது?

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மளிகை, காப்பித்தூள், பூஜைச் சாமான், சாப்பாட்டுக் கடை என்று பல கடைகளின் வரவு செலவு என் கையால் போகிறது. முதலாளிகளில் பாதிப் பேர் நம்மவர்கள், பாதிப் பேர் வங்காளிகள். கணக்குக்காரியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எங்கள் பகுதி வழக்கம். மகள் கல்யாணத்துக்கு எந்த மாதம் நல்லது என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அடிக்கடி வருவது வேறு கேள்வி: "அக்கா, கடைக்கு ஒரு டேப்லெட் வாங்கிப் போடலாமா? எந்த ஆப் நல்லது? வைஃபை வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமா?"

நான் திருப்பி ஒன்று கேட்பேன். உங்கள் கடையில் யார், யாருக்காக, எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பதில் தெரியாமல் வாங்கினால் நாற்பதாயிரம் ரூபாய் டேப்லெட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத்தான் பயன்படும். கையடக்கக் கருவியால் வேலை கூடுகிறதா குறைகிறதா என்பது பற்றி இத்தனை வருடம் கடைகளைப் பார்த்து எனக்குத் தோன்றியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. ராஷ்பிஹாரி அவென்யூவில் காளிகாட் மெட்ரோவில் இறங்கி தேசப்பிரிய பூங்கா பக்கம் நடந்தால் லேக் மார்க்கெட். பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது லேக் மால் நிற்கிறது. ஆனால் நடைபாதையில் மல்லிகைச் சரமும், வாழையிலையும், கறிவேப்பிலையும், முருங்கைக்காயும் அப்படியேதான் இருக்கின்றன. தமிழர்கள் இங்கே குடியேறியதே அலுவலக வேலைக்காக. டல்ஹௌசி சதுக்கத்திலும் கிளைவ் தெருவிலும் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு ஸ்டெனோ, டைப்பிஸ்ட், அக்கவுண்டன்ட் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பக்கத்துப் பையன்கள் எஸ்.எஸ்.எல்.சி முடித்து, சுருக்கெழுத்தும் தட்டச்சும் ஹையர் பாஸ் செய்து, மெட்ராஸ் மெயிலில் ஏறி ஹவுராவில் இறங்கினார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். கையில் ஒரு நோட்டு, இரண்டு பென்சில். துரை பேசப் பேச எழுதி, மத்தியானத்துக்குள் பிழையில்லாமல் தட்டெழுதித் தருவார்கள். மெட்ராஸ்காரன் என்றால் வேலை சுத்தம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கையில் கொண்டுபோகும் கருவியால் வேலைத்திறனைப் பெருக்குவது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை.

கம்பியில்லாத் தொடர்பும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1890களின் நடுவில் பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜெகதீஸ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தி, தூரத்தில் இருந்த மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னாலேயே செய்துகாட்டினார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் சில மில்லிமீட்டர்தான். அந்த மில்லிமீட்டர் அலைகளைத்தான் இன்று 5ஜி பொறியாளர்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். 2012-ல் ஐஇஇஇ என்ற உலக மின்பொறியாளர் அமைப்பு, போஸின் அந்தச் சோதனைகளைத் தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கல் என்று அறிவித்தது.

நூறு வருடம் கழித்து, 1995 ஜூலை 31. ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு என்று பதிவானது அதுதான். மோதி டெல்ஸ்ட்ரா என்ற கம்பெனியின் மொபைல்நெட் சேவை அது. ஏறக்குறைய பாதிப் பங்கு ஆஸ்திரேலியாக்காரர்களுடையது. 2012 ஏப்ரல் 10 அன்று இந்தியாவின் முதல் 4ஜி சேவையையும் ஏர்டெல் இங்கேதான் தொடங்கியது. அப்போது அதைப் போனில் பயன்படுத்த முடியாது. கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிளும் வைஃபை மோடமும்தான் கிடைத்தன. ஆக, கம்பியில்லாத் தொடர்பின் மூன்று முதற்படிகள் இந்த ஊரில் விழுந்திருக்கின்றன. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதற்கில்லை.

ஆனால் முதல் அழைப்பு வந்ததும் லேக் மார்க்கெட்டில் யாருக்கும் வேலை சுலபமாகிவிடவில்லை. காரணம் விலை. பேசினால் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரைக்கும் போனது. யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நம் பணம்தான் போகும். அந்தக் கட்டணத்தில் கத்திரிக்காய் வியாபாரி என்ன பேசுவார்? செல்போன் அப்போது கம்பெனி டைரக்டர் சட்டைப்பையில் இருந்தது. விற்பனைப் பிரதிநிதிகளும் பங்குத் தரகர்களும் இடுப்பில் பேஜர் கட்டிக்கொண்டார்கள். பேஜர் கத்தினால் பக்கத்து எஸ்.டி.டி பூத்துக்கு ஓடவேண்டும். அங்கே வரிசை. செய்தி அலையில் வந்துவிடும், மனிதர் வரிசையில் நிற்பார்.

நிஜமான திருப்பம் 2003 மே மாதம். உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே வருடம் கம்பெனிகளுக்குள் விலைப்போட்டி மூண்டது. நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட், தூசி புகாத ரப்பர் பொத்தான், பல நாள் தாங்கும் பேட்டரி. பின்னால் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கி 2014 வரை ஓடியது. பெயின்டர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர், தவசுப்பிள்ளை எல்லாருக்கும் போன் வந்தது அந்தக் காலத்தில்தான். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் விலாசம். அதற்கு முன் ஒரு சமையல்காரருக்கு வேலை சொல்லவேண்டுமென்றால் கோயில் வாசலிலோ தெரிந்த கடையிலோ சொல்லிவைக்கவேண்டும். சேதி போய்ச் சேரும்போது கல்யாணத்துக்கு வேறு ஆள் வந்திருப்பார். போன் வந்ததும் சேதிக்காகத் தினமும் கடை வாசலில் வந்து நிற்பது நின்றது. கூலியும் கொஞ்சம் ஏறியது, ஏனென்றால் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ள முடிந்தது.

அந்தக் காலத்து மிஸ்டு காலையும் சொல்லாமல் இருக்க முடியாது. காசு செலவில்லாமல் செய்தி அனுப்ப உழைக்கிறவர்கள் கண்டுபிடித்த வழி அது. ஒரு ரிங் என்றால் வண்டி வந்துவிட்டது, கீழே வா. இரண்டு ரிங் என்றால் சரக்கு இல்லை, வராதே. எந்தக் கம்பெனியும் இதைச் சொல்லித் தரவில்லை. கருவியை வேலைக்குத் தக்கபடி வளைத்தது வேலைசெய்கிறவர்களின் மூளை.

செல்போனால் உழைப்பவருக்கு லாபம் என்று நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. இதை அளந்து பார்த்தவர் உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வடகேரளக் கடற்கரையில், காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில், 1997-க்கும் 2001-க்கும் இடையே செல்போன் வந்தபோது மத்திச் சந்தைகளில் என்ன நடந்தது என்று வாராவாரம் குறித்துவைத்தார். 2007-ல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு நாள் காலை வருகிறது. 1997 ஜனவரி 14, வடகரைக் கடற்கரை. அன்று அங்கே மீன் அதிகம், வாங்க ஆள் இல்லை. பதினொரு மீனவர்கள் பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போகவேண்டிய நிலை. அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் இருபத்தேழு வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

கரையோர ஊர்களில் செல்போன் கோபுரம் நட்டதும் சிக்னல் கடலுக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வரை எட்டியது. மீனவர்கள் படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டார்கள். வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் சராசரியாக எட்டு சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுக்கும் விலை நான்கு சதவீதம் குறைந்தது. இருவருக்கும் லாபம் எங்கிருந்து வந்தது? மணலில் அழுகிக்கொண்டிருந்த மீனில் இருந்தும், வியாபாரிகள் வீணாக நின்ற நேரத்தில் இருந்தும்தான்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பரெலும் பின்னால் கேரள மீனவர்களிடம் மறுபடி போய்ப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். படகுக்கும் வலைக்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய மீனவர், அவரிடம்தான் மீனை இறக்கவேண்டியிருக்கிறது. விலை தெரிந்து என்ன, வேறு கரைக்குப் போகும் சுதந்திரம் இல்லையே. இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவி தகவலைத் தரும். அந்தத் தகவலைப் பயன்படுத்தும் உரிமையைக் கருவி தராது.

இப்போது லேக் மார்க்கெட்டுக்கு வருகிறேன். விடியற்காலையில் கேனிங், லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலில் தெற்கு இருபத்து நான்கு பர்கனாவில் இருந்து காய்கறிக் கூடையோடு வரும், நாங்கள் மாஷி என்று கூப்பிடும் பெண்கள் இந்தச் சந்தையின் உயிர். என் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் கீரையும் வாழைப்பூவும் விற்கும் மாஷியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் கடைக்குப் போகும் என்பது மனப்பாடம். முந்தைய நாள் சாயங்காலமே சாப்பாட்டுக் கடைகளைக் கேட்டுவிடுவார்: நாளைக்கு எவ்வளவு வாழைப்பூ, எத்தனை கட்டு முளைக்கீரை? கிராமத்தில் அந்த அளவுதான் பறிப்பார்கள். முன்பு பத்து மணிக்கு மேல் மிச்சக் கீரையைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு ரயில் பிடிக்க ஓடுவார். இப்போது ஒன்பது மணிக்குக் கூடை காலி. "தீதி, வீட்டுக்குப் போய்ச் சமைக்க நேரம் கிடைக்கிறது" என்பார். வேலைத்திறன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருளை நான் கேட்டதில்லை. இதற்கு டேப்லெட்டும் வேண்டியிருக்கவில்லை, ஆப்பும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து பார்சல். அப்பளம், வடாம், பூஜைச் சாமான் எல்லாம் சென்னையில் இருந்து ரயில் பார்சலில் வரும் கடைகள் உண்டு. சென்னை மெயில் ஹவுராவுக்கு வரும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமார் வரைதான். எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்று தெரியாமல் ஆளை அனுப்பினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரை நாள் போய்விடும். முன்பெல்லாம் பார்சல் ரசீது தபாலில் வரும், அல்லது சென்னையில் இருந்து போனில் எண்ணைச் சொல்லக் கடைப்பையன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்வான். ஒரு இலக்கம் தப்பினால் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் நாள் முழுக்க நிற்கவேண்டும். இப்போது ரசீதின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வண்டி எங்கே என்று ரயில்வேயின் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். வண்டி கரக்பூர் தாண்டியது தெரிந்த பிறகுதான் என் வாடிக்கைக் கடைக்காரர் ஆளை அனுப்புகிறார்.

ரயில் பேச்சு வந்ததால் இரண்டு விஷயம். 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியைப் பலர் வைத்திருப்பீர்கள். பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது, 2018-ல் கூகுள் வாங்கிக்கொண்டது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது இணையமும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே அது இடம் சொல்லும். நாம் கடந்துபோகும் செல்போன் கோபுரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. இருக்கிற அலையை வைத்துக் கொண்டே காரியம் முடிக்கும் இந்தப் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னொன்று, டிக்கெட் பரிசோதகர் கையில் இருக்கும் கருவி. 2022 வாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்களில் பரிசோதகர்களுக்குக் கையடக்கக் கருவி கொடுத்தார்கள். முன்பு நீளமான காகிதச் சார்ட். வராதவர் படுக்கை யாருக்குப் போகும் என்பது பரிசோதகருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். இப்போது அவர் கருவியில் 'வரவில்லை' என்று பதிந்ததும் ஆர்ஏசி வரிசையில் அடுத்தவருக்கு இடம் போகிறது, காலி இடம் அடுத்த ஸ்டேஷன்களுக்கும் தெரிகிறது. ஹவுராவில் இருந்து சென்னைக்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஒற்றைப் படுக்கையில் இருவராக உட்கார்ந்து போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைக்குள் நான் பார்த்த மிகப் பெரிய மாற்றம் சவுண்ட்பாக்ஸ். யுபிஐ 2016-ல் வந்தது, அந்த நவம்பரில் பணமதிப்பு நீக்கம் அதைக் கடைக்குக் கடை கொண்டுசேர்த்தது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு தொல்லை. பணம் முதலாளி கணக்கில் விழும், கல்லாவில் இருப்பது சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன். பணம் வந்ததா என்று முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்பான். அவர் பூஜையில் இருப்பார், அல்லது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் நிற்பார், பின்னால் நாலு பேர் நிற்பார்கள், பையனுக்கு வியர்க்கும். போலித் திரையைக் காட்டி ஏமாற்றிப் போனவர்களும் உண்டு, அந்தப் பணம் பையன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதும் உண்டு. தனக்கென ஒரு சிம் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னதும் இத்தனையும் தீர்ந்தது. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில் அது வங்காளியில் பேசுகிறது, இன்னொன்றில் தமிழில். தொடுதிரை இல்லாத, பேச மட்டும் தெரிந்த ஒரு பெட்டி, சம்பளக்காரப் பையனைத் திருட்டுப் பழியில் இருந்து காப்பாற்றியிருக்கிறது. கடைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

என் வேலையில் என்ன மாறியது? பில். ஒவ்வொரு கடையிலும் ஒரு கம்பி இருக்கும், வருகிற பில்லை எல்லாம் அதில் குத்திவைப்பார்கள். மாதக் கடைசியில் போய் வாங்கிவந்து பிரித்தால் எண்ணெய்க் கறை, காப்பிக் கறை, நடுவில் ஓட்டை. இப்போது பல பில்கள் தெர்மல் தாளில் வருகின்றன. சில மாதத்தில் எழுத்து வெளுத்து வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். வெளுத்த தாளை வைத்து அதிகாரியிடம் என்ன காட்டுவது? அதனால் சரக்கு இறங்கும்போதே பில்லைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றன்றைக்குப் பதிந்துவிடுகிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கெடுவான பதினோராம் தேதியும் இருபதாம் தேதியும் இப்போது என்னைப் பயமுறுத்துவதில்லை. மிச்சமிருக்கும் காத்திருப்பு ஓடிபிதான். ரிட்டர்னை முடித்து ஓடிபி கேட்டால் அது முதலாளி போனுக்குப் போகும். அவர் மகன் வீட்டுக்குப் போயிருப்பார். இதற்குக் கடைக்கென்று தனி எண் வைத்துக்கொள்வது ஒன்றே வழி. சொந்த எண்ணையும் கடை எண்ணையும் கலக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்லது. கெட்டதையும் சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். 2021-ல் ஒரு வருகைப்பதிவுச் செயலி கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலையிடத்திலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்து, இடக்குறியோடு ஏற்றவேண்டும். கண்மாய்க்கரையில் சிக்னல் இல்லையென்றால்? வெட்டிய மண் கண்முன்னால் கிடக்கும், பதிவில் ஆள் இருக்கமாட்டார், கூலி இருக்காது. முன்பெல்லாம் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம், இப்போது இரண்டாவது படத்துக்காக உட்கார்ந்திருக்கவேண்டும். ஊழலைத் தடுக்கத்தான் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கருவி காத்திருப்பை ஒழிக்கவில்லை, கூலிக்காரப் பெண்ணின் தலையில் புதிதாக ஒரு காத்திருப்பை ஏற்றியது.

மகாராஷ்டிரத்தில் 2021-ல் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். போனில் நினைவகம் போதவில்லை, சூடாகிறது, குழந்தைகளின் எடையைப் பதியவேண்டிய செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது அவர்களின் குறை. நோட்டில் எழுதும் வேலையும் போகவில்லை, போனில் ஏற்றும் வேலையும் சேர்ந்தது. யாரிடமும் கேட்காமல் மேலிருந்து இறக்கிய கருவிக்கு இப்படித்தான் ஆகும். கீரைக்கார மாஷியின் பட்டன் போன் எவ்வளவு உயர்ந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. அது அவருடைய போன், அவருடைய காரணம், அவருடைய நேரம்.

எங்கள் தெருவில் இருந்து சால்ட் லேக் செக்டர் ஐந்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மாடிப்படியில் நின்று மேலதிகாரிக்குப் பதில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஆறு மணிக்கு டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு வந்தால் அதன் பிறகு அவர் எங்களுக்கு மட்டும்தான். சாயங்காலம் கச்சேரி கேட்கப் போவார், ஏரிக்கரையில் நடப்பார். பிரான்சில் 2017 முதல், வேலைநேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மக்களவையில் 2018-ல் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. ஆகவேண்டும் என்று நான் நினைக்கிறேன். இரவு பதிலில் கிடைக்கும் வேலைத்திறன் மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் கரைந்துபோகிறது.

இன்னும் ஒன்று, ஆம்ஃபன் புயல். 2020 மே 20 ராத்திரி. ஊரடங்கு வேறு. ஏரிக்கரையிலும் எங்கள் தெருக்களிலும் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. மறுநாள் காலை மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, கேபிள் அறுந்து தொங்கியது. தெற்குக் கொல்கத்தாவில் பல இடங்களில் நாட்கணக்கில் இப்படித்தான். மரம் அறுக்க ராணுவம் வந்தது. யுபிஐயில் பணம் வைத்திருந்தவர்கள் பால் வாங்க முடியாமல் நின்றார்கள். அப்போது கடையைத் திறந்து வைத்து வியாபாரம் செய்தவர்கள் யார் தெரியுமா? நீள நோட்டில் பற்று எழுதத் தெரிந்தவர்கள். "பிறகு கொடுங்க, எழுதிக்கறேன்" என்று அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சிக்னல் வந்த பிறகு அநேகமாக எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் வாடிக்கைக் கடைகளில் இரண்டு விஷயம் கேட்டு வாங்கிச் செய்யவைத்திருக்கிறேன்: ஒரு நோட்டு, கொஞ்சம் சில்லறை நோட்டுப் பணம். நனையாத இடத்தில்.

சரி, கருவி வாங்கத் தயாராக இருக்கும் முதலாளிகளுக்கு நேரடியாகச் சொல்கிறேன். லேக் மார்க்கெட்டில் பல கடைகளில் நடப்பது இதுதான்: சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் தன் சொந்தப் போனில், தன் சொந்த டேட்டாவில், உங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய இடக்குறியைப் பார்த்து, உங்கள் சரக்கைக் கொடுத்துவிட்டு, உங்கள் க்யூஆரின் படத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறான். திரை உடைந்தால் அவன் செலவு. மாதம் ரீசார்ஜ் அவன் செலவு. கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், அது உங்கள் கடைச் செலவு. கடைப் பெயரில் எடுத்த இணைப்பு என்றால், பில்லோடு கொடுங்கள், நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். நாற்பதாயிரத்துக்கு டேப்லெட் வாங்கும் முன், டெலிவரிக்குப் போகும் பையனுக்குக் கடைப் பெயரில் ஒரு சிம்மும், பத்தாயிரத்துக்குள் ஒரு போனும் வாங்கிக் கொடுங்கள். கடை சாத்தியதும் அதைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அதன் பிறகு அவன் சொந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். அடுத்த மாதம் பில் எடுத்துக்கொண்டு வரும்போது அந்த ரீசார்ஜ் ரசீதும் அதில் இருக்கட்டும்.